ஆனந்தரங்கப் பிள்ளை வீடு: தமிழ் வீடா, பிரெஞ்சு வீடா?

ஜூன் 2, இரவு 9.40 (வாசகர் கேள்வி)

போன வாரம் புதுச்சேரி போயிருந்தேன். பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைக் காட்டினார்கள். கீழே நம் ஊர் வீடு மாதிரி செதுக்கிய மரத்தூண்கள், மேலே வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புத் தூண்கள். கூட வந்தவர், "பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் துபாஷிக்கு, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான பிள்ளைக்கு, கட்டிக்கொடுத்த வீடு இது, கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சு வீடுகளைப் பார்த்துக் கட்டினது" என்றார். சரியா? இதைத் தமிழ் வீடு என்பதா, பிரெஞ்சு வீடு என்பதா?

ஜூன் 2, இரவு 11.05

வருடத்தை வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அந்த வீடு எழுந்தது 1738 வாக்கில். பிள்ளை பிறந்தது 1709-இல், பெரம்பூரில். ஆக, வீடு கட்டும்போது முப்பது வயதை ஒட்டிய ஒரு வியாபாரி, அவ்வளவுதான். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக அப்போது இருந்தவர் கனகராய முதலி. அவர் 1746-இல் இறந்த பிறகுதான் அந்தப் பதவி பிள்ளை பக்கம் வந்தது. டூப்ளே கவர்னராகப் புதுவைக்கு வந்ததே 1742-இல். "துபாஷிக்குக் கட்டிக்கொடுத்த வீடு" என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

கடற்கரைப் பக்கத்து வீடுகளைப் பார்த்துக் கட்டினது என்பதும் அப்படித்தான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயரின் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761 ஜனவரி 16 அன்று அதே லாலி புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. கடலூருக்குப் பதிலடியாக அவர்கள் கோட்டையை இடித்தார்கள், கவர்னர் மாளிகையை இடித்தார்கள், வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1765-இல். இன்று எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் பிரெஞ்சு வீதிகளில் இருப்பவை அதற்குப் பிறகு எழுந்தவை.

டூப்ளே காலத்துப் புதுச்சேரியைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு தமிழ் வியாபாரியின் வாசலுக்குத்தான் போயாக வேண்டும். இதை ஊருக்கு வருகிறவர்களிடம் யாரும் முதலில் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஜூன் 3, காலை 6.50

நேற்று ஒன்று விட்டுப்போச்சு. பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பரில். வீடு எழுந்ததும் அந்த ஓரிரு வருடத்துக்குள்தான். 1761 ஜனவரியில், ஊர் விழச் சில நாள் இருக்கும்போது அவர் இறந்தார். அதாவது அந்த எழுத்தில் பெரும்பகுதி எழுதப்பட்ட காலமெல்லாம் இந்த வீடு அவருடைய வீடு. 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் கடற்படையோடு வந்து ஊரை முற்றுகையிட்டபோதும் இந்தச் சுவர்கள் நின்றிருந்தன.

ஜூன் 3, இரவு 10.20

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் முற்றத்தைத் தேடுவேன். அது கிடைத்துவிட்டால் மற்ற அறைகள் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். திண்ணை, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதை ஒட்டிக் கூடமும் அறைகளும், வசதியானவர்கள் வீடென்றால் பின்னால் இரண்டாம் கட்டு. பிள்ளை வீட்டின் கீழ்த்தளமும் இந்த இலக்கணத்தில் வருவதுதான். முற்றத்தைச் சுற்றி நிற்பவை மரத்தூண்கள், செதுக்கு வேலையோடு. தூணுக்கு மேல் போதிகை என்கிற தாங்குகட்டை, போதிகைக்கு மேல் உத்திரம். ஆசாரி வேலை.

மேலே ஏறினால் கை மாறுகிறது. செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. வடிவத்தில் அது ஐரோப்பாவிலிருந்து வந்த தூண், சந்தேகமில்லை. ஆனால் கீழே எங்கே முற்றம் இருக்கிறதோ அங்கேதான் மேலேயும் திறப்பு. வெளிச்சமும் காற்றும் மழையும் வருகிற வழி மாறவில்லை. தூணின் உடுப்பு மாறியிருக்கிறது, வீட்டின் நடப்பு மாறவில்லை.

அந்தத் தூணைப் பூசியது யார் என்று யோசித்துப் பாருங்கள். கோபுரத்தில் சுதை வேலை செய்கிற கைதான் அது. சுண்ணாம்பையும் கரணையையும் வைத்து யாளியின் வாய் திறக்கத் தெரிந்தவனுக்கு ஒரு தூணுக்கு வளையம் போடுவது பெரிய காரியமா? வடிவத்தைக் காட்டினால் போதும், செய்துவிடுவான்.

ஆகவே என் பதில்: தமிழ் வீடு. தனக்குப் பிடித்ததை வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட தமிழ் வீடு. கலப்பு வீடு என்று சொன்னால், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இங்கே முடிவெடுத்தவர் ஒரே ஆள், வீட்டுக்காரர்.

ஜூன் 4, மதியம் 1.15

"ஏன் மேலே மட்டும் பிரெஞ்சு, கீழேயும் செய்திருக்கலாமே" என்று ஒரு அன்பர் கேட்கிறார். நல்ல கேள்வி.

நான் நினைப்பது இது. கீழ்த்தளம் வீட்டின் வேலை நடக்கிற இடம். சமையல், பூஜை, நெல், கணக்கு, வந்துபோகிற தரகர்கள். அங்கே வழக்கத்தை மாற்றினால் வீட்டுப் பெண்களுக்கும் வேலைக்காரர்களுக்கும்தான் கஷ்டம். மாடி என்பது காற்று வாங்கவும் வந்தவருக்கு முன் உட்காரவும். அங்கே புது மோஸ்தர் நுழைய இடம் உண்டு. இதற்கு நேர்ச்சாட்சி எதுவும் என் கையில் கிடையாது, வீடுகளை அளந்து அளந்து வந்த எண்ணம்தான். ஆனால் தமிழர் பகுதியில் பிற்காலத்தில் கட்டிய மாடி வீடுகளைப் பாருங்கள். ஒன்று மாற்றி ஒன்று இதே கதைதான். கீழே திண்ணையும் மரத்தூண் வைத்த தாழ்வாரமும், மேலே வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூணும் சாய்வுச் சட்டம் போட்ட கதவும். வீதி முழுக்க இப்படி இருக்கிறதென்றால் அது ஒருத்தரின் ஆசை கிடையாது, ஊரே ஏற்றுக்கொண்ட முறை.

ஜூன் 4, மதியம் 1.40

இன்னொன்று. பிள்ளைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். துணி, பாக்கு, கப்பல் வியாபாரம். பரங்கிப்பேட்டைப் பக்கம் கம்பெனிக்காகத் துணிக் கொள்முதல் பார்த்தவர். சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். கவர்னர் தயவில் திடீரென்று எழுந்த மாளிகை என்று நினைக்க வேண்டாம்.

ஜூன் 5, இரவு 9.30

தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதற்குப் பிரெஞ்சுக்காரருக்கு நன்றி சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் டச்சுக்காரருக்கும் பங்கு உண்டு, பெரிய பங்கு. 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தவர்கள் அவர்கள். கட்டம் கட்டமாகத் தெரு போடும் திட்டம் அவர்கள் வரைந்த வரைபடத்தில் இருக்கிறது. ஊர் திரும்ப வந்தபிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். பிறகு நடுவில் வாய்க்கால், அதற்குக் கிழக்கே வெள்ளையர் ஊர், மேற்கே நம்மவர் ஊர்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு தெருவைப் பார்க்கும் விதமே வேறு. கிழக்கே உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அதற்குள் தூண் வரிசை வைத்த வராந்தா. தெருவில் போகிறவனுக்குச் சுவர்தான் தெரியும். மேற்கே வீடு தெருவுக்கே வந்து உட்கார்ந்திருக்கும். வாசலில் திண்ணை, திண்ணைக்கு முன்னால் தெருவோரமாக ஓடு வேய்ந்த தாழ்வாரம், மரக்கால் ஊன்றி. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரம் தொட்டுக்கொண்டு போகும். வெயிலானாலும் மழையானாலும் யார் வீட்டு விருந்தாளியாகவும் இல்லாத ஒருத்தர் அதன் அடியில் நடந்து போகலாம்.

ஜூன் 5, இரவு 11.50

தாழ்வாரம் என்று எழுதியதும் தூக்கம் வரவில்லை.

என் அத்தை வீடு தமிழர் பகுதியில்தான். சின்ன வயதில் அந்தத் தாழ்வாரத்தின் மரக்கால்களைச் சுற்றித்தான் எங்கள் விளையாட்டு. பசங்கள் கை பட்டுப் பட்டு இடுப்பு உயரத்தில் மரம் வழுவழுவென்று ஆகியிருக்கும், அதற்கு மேலே சொரசொரப்பாக இருக்கும். அத்தை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூ தொடுப்பாள். தெருவே அவளோடு பேசிக்கொண்டு போகும். பாகப்பிரிவினை வந்தது. முற்றத்தின் நடுவே கோடு கிழித்துச் சுவர் எழுப்பினார்கள். முற்றம் போனதும் கூடத்துக்கு வெளிச்சம் போனது. பகலிலேயே விளக்கு. அப்புறம் முன்பக்கத்துப் பங்குக்காரர் தாழ்வாரத்தைப் பிரித்துவிட்டு ஷட்டர் போட்டார். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு அரை வீடு, அதில் குடும்பம் நடத்த வேண்டும். ஆனால் அந்த மரக்கால்களை விறகு எடைக்குப் போட்டார்கள் என்று கேட்டபோது அழுகை வந்தது.

பழைய வீடுகளை இடிப்பது மழையும் கறையானும்தான் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் பங்கு பிரிக்கிற கோடுதான் முதல் கடப்பாரை.

ஜூன் 7, காலை 7.25

"பட்டியலில் சேர்த்துவிட்டால் வீடு பிழைத்துவிடுமே, பிறகு என்ன கவலை?"

பட்டியல் என்பதில் இரண்டு வகை உண்டு. இன்டாக் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, தரம் பிரித்து எழுதி வைப்பது ஒன்று. அது அறிவுக் கணக்கு. அதற்குச் சட்ட பலம் தானாக வந்துவிடாது. அரசு அறிவிக்கை செய்தால்தான் இடிப்பதற்கும் மாற்றுவதற்கும் தடை வரும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த வீடுகள் பள்ளமாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அறிவிக்கை வந்தாலும் கவனமெல்லாம் தெருப்பக்கத்துச் சுவர் மேல்தான். முகப்பை அப்படியே நிறுத்திவிட்டுப் பின்னால் உள்ளதைக் காலி செய்து கான்கிரீட் பெட்டி வைத்தால், தெருவில் நிற்பவனுக்குப் பாரம்பரியம், உள்ளே இருப்பவனுக்குப் புழுக்கம். முற்றம் இல்லாத முகப்பை நான் வீடு என்று சொல்லமாட்டேன்.

ஜூன் 7, காலை 8.00

நல்லது நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். வைசியாள் வீதி, அதாவது கால்வே சுப்பராய செட்டி வீதி. 2000-த்தின் தொடக்க வருடங்களில் ஐரோப்பிய உதவியோடு ஆசியா அர்ப்ஸ் என்ற திட்டம் வந்தது. புதுச்சேரி நகராட்சியோடு இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் கூட்டு. வீட்டுக்காரர்களும் செலவில் ஒரு பங்கைப் போட்டார்கள். ஒற்றை வீட்டை எடுத்துக்கொள்ளாமல் வீதி முகத்தை வரிசையாகச் சரி செய்தார்கள். தாழ்வாரம் தொடர்ந்து போனால்தான் தாழ்வாரம், அதனால் இந்த யோசனை சரியான யோசனை. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் அந்த வீதிக்குக் கிடைத்தது. ஊருக்குப் போகிறவர்கள் கடற்கரையிலிருந்து திரும்பி வாய்க்காலைத் தாண்டி அந்த வீதி வரை நடந்து பாருங்கள்.

ஜூன் 8, இரவு 10.45

மேல்தளம் எப்படிக் கட்டினார்கள், கம்பி இல்லாமல் கூரை எப்படி நின்றது என்று ஒரு இன்ஜினியரிங் மாணவர் கேட்டிருக்கிறார். தம்பி, இதைக் கேட்டதற்கே உனக்கு ஒரு முத்தம். விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு மெட்ராஸ் தளம் என்று பெயர். கட்டைக்குத்து என்றும் சொல்வார்கள். சுவருக்குச் சுவர் உத்திரம். அதன்மேல் குறுக்கே சின்னச் சட்டங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று என்ற கணக்கில். அடுத்து செங்கல். ஆனால் சுவருக்கு வைக்கிற செங்கல் இல்லை, தனியாக அறுத்துச் சுட்ட மெல்லிய கல். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். அதைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, அறையின் மூலையிலிருந்து தொடங்கிக் கோணலாக, வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள்.

ஏன் கோணல்? அங்கேதான் சூட்சுமம். கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்கத் தேவையில்லை. மூலையில் முதல் சில கற்கள் இரண்டு சுவரிலும் சாய்ந்து நிற்கும். அடுத்த வரிசை அந்த வரிசையில் ஒட்டி நிற்கும். சாந்து பிடிக்கும் வரை பக்கத்துக் கல்லே கல்லைத் தாங்கும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தட்டை வளைவாக வேலை செய்யும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கோணல் கோடுகள் அழகாகத் தெரியும். அந்த அழகு அவர்கள் வைத்தது இல்லை, வேலையில் தானாக வந்தது.

அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை, மூன்று அங்குல அளவுக்கு. இதைக் கொட்டிவிட்டுப் போக முடியாது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு அடிப்பார்கள். ஒரே தாளத்தில் அடிப்பதற்குத்தான் பாட்டு. அடி விழுந்ததும் கட்டை எகிற வேண்டும், தளத்தில் தடம் விழக் கூடாது. அப்போதுதான் நிறுத்துவார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து முடிப்பது.

பழைய வீட்டு மாடிக்கு மதியம் ஒரு மணிக்கு நீ ஏறிப் பார். மேலே கால் வைக்க முடியாது, கீழே அறை குளுகுளுவென்று இருக்கும். கனமும் சுண்ணாம்பும் செய்கிற வேலை.

ஜூன் 8, இரவு 11.20

தம்பி மறுபடி கேட்கிறார்: "இதில் பலவீனம் எது?"

உத்திரத்தின் முனை. சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஒரு சாண். சுவரில் ஈரம் இறங்கினால் முதலில் உளுப்பது அதுதான், வெளியே தெரியவும் தெரியாது. நான் அளக்கப் போகும்போது உத்திரத்தை நடுவில் பார்ப்பதில்லை, சுவரோடு சேரும் இடத்தில் தட்டிக் கேட்பேன். நல்ல மரம் கணீரென்று சொல்லும். உளுத்தது பொத்தென்று சொல்லும்.

ஜூன் 10, காலை 6.30

சிமெண்ட் பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர். நான் தவிர்த்துக்கொண்டே வந்தேன், ஏனென்றால் தொடங்கினால் நிறுத்தமாட்டேன்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். கடலோர ஊரில் நிலத்திலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் காற்றில் காய்ந்து போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வெளியே வர வழியில்லை. ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். உப்பு உள்ளே பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். மூன்று நான்கு வருடம் பூச்சு பளிச்சென்று இருக்கும். பிறகு ஒரு நாள் பாளம் பாளமாக விழும், விழும்போது செங்கல் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். "பழைய சுவர், அதான் தாங்கலை" என்று அதற்கும் மேல் இன்னொரு பூச்சு போடுவார்கள். தாங்காதது சுவர் இல்லை!

ஒரு வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். ஒப்பந்தக்காரர் கூடம் முழுக்க இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மேலே எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருந்தார். அடுத்த மழைக்காலத்தில் பெயிண்டுக்கு மேலே, சரியாக அந்தக் கோடு முடிகிற இடத்தில், உப்பு வெள்ளையாகப் பூத்து நின்றது. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. வீட்டுக்காரம்மா என்னிடம், "போன வருஷம் வரைக்கும் இங்கே ஈரமே கிடையாதுங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. ஈரம் அதற்கு முன்னாலும் இருந்தது, வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

ஜூன் 10, மாலை 5.10

வழுவழுப் பூச்சு எப்படி என்று கேட்டவருக்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கடியில் நாள்பட வைத்துப் புளிக்க விடுவார்கள். அடிப்பூச்சு மணலோடு. மேலே போகப் போகச் சன்னமாக அரைத்த சாந்து, பூச்சுக்குப் பூச்சு மெல்லிசாக. கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பார்கள், அது காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். முகம் தெரியும் அளவுக்கு மெருகு வரும். ஒரு சுவரை இன்றைக்கு முடித்து நாளைக்கு அடுத்தது என்று அவசரப்பட்டால் வராது. செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலை கொடுப்பவர்தான் குறைவு.

ஜூன் 11, இரவு 9.15

"அவ்வளவு உறுதியென்றால் மேரி ஏன் விழுந்தது?"

வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம், நகர மன்றம், 1870 வாக்கில் எழுந்தது. 2014 நவம்பர் 29, நல்ல மழை, இடிந்து விழுந்தது. விழும் முன்பே அது ஆபத்தான நிலையில் பூட்டிக் கிடந்தது. சுண்ணாம்புக் கட்டடத்துக்கு வயது எதிரியே இல்லை. கூரையில் விரிசல், விரிசலில் தண்ணீர், தண்ணீர் உத்திரத்தின் முனைக்கு. அதற்குப் பிறகு வரும் எந்த அடைமழையும் போதும். வருடாவருடம் மழைக்கு முன்னால் மேலே ஏறிப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் இந்தக் கட்டடங்கள் இன்னும் நூறு வருடம் நிற்கும். பூட்டிய வீடு சீக்கிரம் சாகும் என்று கொத்தனார்கள் சொல்வார்கள், அனுபவத்தில் சொல்வது.

பிறகு அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, கடற்கரைக்கு அந்த முகம் திரும்பக் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் 1870-இல் பூசிய சாந்தில் இருந்த விரல் தடங்கள் அதில் வராது.

ஜூன் 12, காலை 7.40

பாரதி வீட்டைக் குறிப்பிட்டு எழுதியவருக்கு நன்றி. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி. 1908-இல் பாரதி புதுவைக்கு வந்து பத்து வருடம் இருந்தார். அவர் குடியிருந்த வீடு இன்றைக்கு நினைவு இல்லம். பிள்ளை மாளிகையையும் அந்த வீட்டையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்று செல்வர் கட்டியது, மற்றது வாடகைக்கு விட்ட வீடு. தூணின் பருமன் வேறு, மரத்தின் விலை வேறு. ஆனால் வானத்தை வீட்டுக்குள் இறக்கும் முறை இரண்டிலும் ஒன்றேதான். இந்த முறையைத்தான் பாரம்பரியம் என்கிறேன். மஞ்சள் பெயிண்டை இல்லை.

ஜூன் 12, காலை 7.55

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு மஞ்சள் பிடிக்கும். மஞ்சள் காவி மண் கலந்த சுண்ணாம்பு அடித்தால் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் வெளுத்து, அடுத்த வருடம் மறுபடி அடித்து, சுவரில் பல வருடத்து மஞ்சள் தெரியும். இப்போது எல்லா வீட்டுக்கும் ஒரே டப்பா பிளாஸ்டிக் பெயிண்ட். அதுவும் சிமெண்ட் செய்கிற வேலையைத்தான் செய்கிறது, மூச்சை அடைக்கிறது. பழைய வீட்டுக்காரர்கள் தயவுசெய்து சுண்ணாம்பே அடியுங்கள்.

ஜூன் 14, இரவு 10.30

தமிழர் பகுதியில் தாத்தா வீடு கைக்கு வந்திருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது, கையில் பெரிய பணமில்லை என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மற்ற எல்லாப் பேச்சையும் விட இதற்குப் பதில் சொல்வதுதான் முக்கியம்.

முகப்பைத் தொடாதீர்கள் அக்கா, அது காத்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக்கு ஒரு ஆளை ஏற்றுங்கள். தண்ணீர் இறங்கும் தூம்புகளில் இலையும் குருவிக்கூடும் அடைத்திருக்கும், அதை எடுக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்க விடாதீர்கள், கல்லும் சேர்ந்து வந்துவிடும். தண்டை அறுத்து, பூச்சைக் கொத்தி, வேரை முழுதாக எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். தட்டோடு பெயர்ந்த இடங்களையும் சுண்ணாம்பிலேயே பதிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி, "ரெண்டு மூட்டை சிமெண்ட் போட்டா முடிஞ்சுதும்மா" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து முற்றத்துச் சாக்கடை. முற்றத்தில் விழும் மழை தெருவுக்குப் போகும் வழி பழைய வீடுகளில் தரைக்கடியில் இருக்கும், பெரும்பாலும் யாரோ டைல்ஸ் போடும்போது மூடியிருப்பார்கள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நின்றால், அந்தத் தண்ணீர்தான் உங்கள் சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது. பிறகு உத்திர முனைகள். வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது கதவு ஜன்னல் எல்லாம் திறந்து காற்றாட விடுங்கள்.

இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, முகப்புக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவைவிடக் குறைவாகவே வரும். உத்திர முனைகளைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே வருகிறேன். அளவு டேப்பும் கொண்டுவருகிறேன். தாத்தா வீட்டின் வரைபடம் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும், நாளைக்குப் பங்கு பேச்சு வந்தால் முற்றத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று அதை விரித்துவைத்துப் பேசலாம்.